ஐந்து பத்துக்குப் போன மெயில்

“தண்ணி எத்தினை மணிக்கு வந்தது?”

சுனாமி கழிந்த வாரம், மட்டக்களப்பில் ஒரு பாடசாலை முகாமில் மேசை போட்டு இருந்த ஒரு அதிகாரி மார்கிறட்டிடம் இப்படிக் கேட்டார். மார்கிறட் கையை நீட்டிக் காட்டினாள். கை மணிக்கூட்டுக் கண்ணாடிக்குள் இன்னும் தண்ணீர் இருந்தது. முட்கள் ஒன்பது மணிக்குக் கிட்ட நின்றிருந்தன.

பக்கத்தில் நின்ற இரத்தினம்மா, “இல்ல, எட்டரை. நான் மணிக்கூடு பார்த்தனான்,” என்றாள்.

அதிகாரி பேனையை நிறுத்தினார். “அப்ப இரண்டு தரம் வந்ததோ?”

“ஒரே தண்ணிதான்,” என்றாள் மார்கிறட். “இவ படுவான்கரை. இஞ்ச சொந்தக்காரர் வீட்ட வந்து நிண்டவ. அவங்கட மணிக்கூடு எங்கடதை விட அரை மணி பிந்தி.”

அதிகாரி வெளியூர்க்காரர். அவருக்கு விளங்கவில்லை. அரசாங்கம் எப்போதோ நாட்டு நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளியிருந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், அரசாங்கத்தோடு சண்டையிட்ட இயக்கம் வைத்திருந்த பக்கத்தில், பழைய நேரமே நிலைத்துவிட்டது. பாலம் தாண்டுகிறவர்கள் மணிக்கூட்டைத் திருப்பிக்கொள்வார்கள். ஊரில் இதை ஒருவரும் ஒரு விஷயமாகப் பேசுவதில்லை.

அடுத்த கேள்வி, வீட்டில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்பது. அதற்கும் மார்கிறட் அதே குரலில் பதில் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் முகாமில் ஒன்று காணாமல் போனாலும், இரண்டு பேர் இரண்டு கதை சொன்னாலும், ஆட்கள் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவள் சத்தம் போடமாட்டாள். கேட்பாள், பார்ப்பாள், பிறகு சொல்லுவாள். முகாமை விட்டு வந்து டவுனில் ஒரு சின்ன தொலைபேசிக் கடை போட்ட பிறகும் வந்தார்கள். நின்றுபோன மணிக்கூட்டை அவள் கழற்றவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, பழகிப்போச்சு என்றாள்.

அடுத்த நோன்பு மாதத்தில் ஒரு நாள் காலை, மழைக்குள் ஜொய்சனின் ஓட்டோ வந்து கடை வாசலில் நின்றது. ஜொய்சனுக்கு ஓட்டோ தொழில். துப்புத் துலக்குவது ஆசை. மார்கிறட்டுக்கு வரும் வழக்குகளில் பாதி அவன் ஏற்றிக்கொண்டு வந்தவை.

“அக்கா, நல்ல கேஸ் ஒண்டு,” என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். “ஆளில்லாமப் போன மெயில்.”

“ஆளைக் கொண்டு வந்திருக்கிறியா, கதையை மட்டுமா?”

பின்னால் இருந்து ஒரு பெண் இறங்கினாள். பெயர் தனுஷா. டவுன் பக்கத்து வாவிக்கரையில் இருந்த ஒரு நிவாரண நிறுவனத்தின் அலுவலகத்தில் கடிதமும் கணக்கும் எழுதும் எழுதுவினைஞர். தலை நனைந்திருந்தது. அதைத் துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

“நான் அனுப்பாம என்ட பேரில ஒரு மெயில் போகுமாக்கா?”

“இரும். முதல்ல என்ன மெயில் எண்டு சொல்லும்.”

தனுஷா சொன்னாள். அவர்களுடைய நிறுவனம் படுவான்கரையில் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. சுவர் எழும்பிவிட்டது. கூரை மட்டும் பாக்கி. போன கிழமை கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போயிருக்கிறது. ‘இந்த வீடுகளை இயக்கம்தான் எடுக்கப் போகிறது. இனிப் பொருள் அனுப்ப வேண்டாம்.’ அடியில் தனுஷாவின் பெயர். கொழும்பு உடனே வேலையை நிறுத்திவிட்டது. கூரைத் தகரம் ஏற்றிய லொறி பாதி வழியில் திரும்பிப் போனது. வீட்டுச் சனம் மழைக்குள் கூடாரத்தில் கிடக்கிறது.

“மெயில் போனது பின்னேரம் ஐந்து பத்துக்காம். ஒபிசில மெயில் அனுப்புற மெஷின் அப்பிடித்தான் பதிஞ்சிருக்கு. மற்ற ஆக்கள் எல்லாம் ஐந்து மணிக்கே போயிருவாங்க. எனக்கு பஸ் ஐந்து இருபதுக்கு. ஐந்தே கால் வரைக்கும் நான் தனியத்தான் இருப்பன்.”

“வேலை போயிடும் எண்டு பயமா?”

“வேலை போனாப் பரவாயில்லக்கா. நேற்று கேற்றடிக்கு ஒரு ஆள் வந்தது. அந்தப் பக்கத்து ஆள். தனுஷா எண்டது ஆர், எங்க இருக்கிறா எண்டு கேட்டிட்டுப் போயிருக்கு.” அவள் அதைப் பஸ் நேரம் சொல்வது போலத்தான் சொன்னாள். “நாளைக்குக் கொழும்பிலயிருந்து மேலதிகாரி வாறா. நான்தான் எழுதினது எண்டு அவ முடிவெடுத்தா, அங்கயும் அதுதான் முடிவு.”

ஜொய்சன் பகிடி விடுவதை நிறுத்தினான். அந்த மாதங்களில் இரண்டு கரையிலும் ஆட்கள் சுடப்பட்டார்கள், இயக்கத்துக்கு எதிரி என்று சிலர், இயக்கத்தின் ஆள் என்று சிலர். காலையில் றோட்டில் ஒருவர் கிடந்தால், சனம் சைக்கிளைச் சற்று விலத்திக்கொண்டு வேலைக்குப் போனது.

மார்கிறட் கடையைப் பூட்டினாள்.

அலுவலகத்தில் ஒரு மூலையில் அந்த மெஷின் இருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும். படமும் இல்லை, மணிக்கூடும் இல்லை. மற்றவர்களின் மேசைக் கணினிகள் எல்லாம் இதற்குத்தான் மெயிலைக் கொடுக்கும்; இது கொழும்புக்கு அனுப்பும். இதைப் பொருத்தியவன் மதுரன் என்ற இளைஞன். மெல்லிய உடம்பு, தாழ்ந்த குரல். நாவற்குடாவில் இருக்கிறேன் என்றான்.

“ஏன் இது மட்டும் வேற மாதிரி இருக்கு?” என்று மார்கிறட் கேட்டாள்.

“இது லினக்ஸ், மிஸ். யுனிக்ஸ் குடும்பம். வைரஸ் பிடிக்காது. பழைய பெட்டியிலயும் ஓடும். இந்தப் பெட்டி கடற்கரைப் பக்கம், கல்லடியில பழைய ஒபிசில இருந்தது. கடல் தண்ணி தெறிச்சது. கழுவிக் காயவச்சு எடுத்தன்.”

“எப்பிடிப் பொருத்தினீங்க? முதலில இருந்து சொல்லுங்க.”

“முதல் நாள் வந்த உடனே சீடியைப் போட்டன். மெஷினுக்கு ஒரு பேர் கேக்கும், குடுத்தன். நாடு கேக்கும், நேரம் கேக்கும், கை மணிக்கூட்டைப் பார்த்துக் குடுத்தன். மறுகா மெயில் புரோகிராமை ஏத்தி, ஒபிஸ் ஆக்கள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கணக்கு உண்டாக்கினன். பாஸ்வேர்ட் எல்லாருக்கும் ஒண்டுதான். பிறகு மாத்தச் சொன்னன்.”

“மாத்தினாங்களா?”

“ஒருத்தரும் மாத்தேல்ல.”

“அப்ப ஆரும் ஆற்ற பேரிலயும் எழுதலாம்,” என்று ஜொய்சன் நடுவில் புகுந்தான். “நீங்களும் எழுதலாம்.”

“ஓம். நானும் எழுதலாம்,” என்றான் மதுரன். “ஆனா நான் நாலு மணிக்கே போயிருவன்.”

மெயில் எழுதியதும் பறந்து போவதில்லை என்றும் அவன் விளக்கினான். எழுதிய உடனே இந்த மெஷின் தன் நேரத்தைக் குத்தி வரிசையில் வைத்துக்கொள்ளும். காலையில் தொலைபேசி இணைப்பு எடுக்கும்போது எல்லாம் சேர்ந்து போகும். அங்கிருந்து வருபவையும் அப்போதுதான் வரும். ஆகவே, கொழும்புக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எழுதிய நேரம் தெரிந்தது இந்த மெஷினுக்கு மட்டும்தான்.

அலுவலகப் பொறுப்பாளர் அருமைநாயகம் ஐம்பது வயதுக்காரர். மார்கிறட்டுக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.

“அந்தப் பிள்ளை இப்பிடிச் செய்யாது எண்டுதான் நானும் நினைக்கிறன்,” என்றார். “ஆனா என்ன செய்ய? மெஷின் பொய் சொல்லாதே. அண்டைக்குக் கச்சேரியில, அரசாங்க ஒபிசில, எனக்குக் கூட்டம். ஐந்தரைக்குத்தான் முடிஞ்சது. முடிய, வாகனத்தை இஞ்ச விட்டிட்டு வீட்ட போனன். கூட்டத்துக்கு வந்த ஆரிட்டயும் கேக்கலாம்.”

மேசையில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. திறக்கப்படாமலே கிடந்தது.

வெளியே கேற்றடியில் காவலாளி முகைதீன்பாவா இருந்தார். ஓட்டமாவடிக்காரர். நோன்பு பிடித்திருந்ததால் குரல் களைத்திருந்தது.

“அண்டைக்கு ஞாபகம் இரிக்கி மிஸ். சேர் வாகனத்தக் கொண்டு வந்து விட்டாரு. நான் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி எடுக்கப் போக நிண்ட நேரம். கேற்ற விட்டிட்டுப் போக ஏலாதே. சேர்தான், போங்க பாவா, நான் நிக்கன் எண்டாரு. நல்ல மனிசன். நான் கஞ்சியோட வர, அவரு வெளிக்கிட்டாரு. பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்த.”

“தனுஷா அப்ப நிண்டவவா?”

“இல்ல. அந்தப் புள்ள போய்ட்டு.”

“சேருக்கு உடம்பு சரியில்லையா, பாவா? சாப்பிடுறேல்லப் போல.”

பாவா றோட்டைப் பார்த்தார். “ரெண்டு கிழமையா அப்பிடித்தான். ரெண்டு பேர் மோட்டார் சைக்கிள்ல வந்து கேற்றடியில அவரோட கதச்ச. ஹெல்மட்டும் கழட்டல்ல. அண்டையில இருந்து அவரும் நோன்புதான்.”

ஜொய்சன் அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். முனையில் நின்ற கச்சான் வண்டியில் ஒரு சுருள் வறுத்த கச்சான்கடலை வாங்கி அவளுக்கும் நீட்டினான்.

“ஆள் மதுரன்தான் அக்கா. ஏனெண்டு கேளுங்க. மெஷின் அவன்ட கையில. ஐந்து மணி வரைக்கும் வேலை. இவருக்கு நாலு மணிக்கே அவசரம். நாவற்குடா எங்க கிடக்கு? இஞ்சயிருந்து துப்பினா விழும். அதுக்கு நாலு மணிக்கே ஏன் ஓட வேணும்? நான் வாவிக்கு மேலால போற வலையிறவுப் பாலத்தடியில இவனைச் சைக்கிளோட கண்டிருக்கிறன், ரெண்டு தரம்.”

மார்கிறட் கச்சான் சுற்றிய கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அலுவலகத்தில் அச்செடுத்து வீசிய பழைய மெயில். கச்சான்காரன் குப்பையில் இருந்து எடுத்திருக்க வேண்டும். கொழும்பில் இருந்து யாரோ சீமெந்து பற்றி எழுதியது. மேலே, ஒருவரும் வாசிக்காத இடத்தில், சின்ன எழுத்தில் இரண்டு நேரங்கள் இருந்தன.

அவள் கச்சானை ஜொய்சனின் கையில் கொட்டிவிட்டுக் கடதாசியை நிமிர்த்தினாள்.

“வாசி.”

“கொழும்பில எழுதினது, காலை ஒன்பது மணி. இஞ்ச வந்து சேர்ந்தது...” அவன் மறுபடி பார்த்தான். “எட்டு ஐம்பது. ரெண்டும் ஒரே நாள்.” சிரித்தான். “நல்ல மெயில். எழுத முன்னமே வந்திட்டு.”

“லைன் பழுதெண்டா மெயில் பிந்தலாம்,” என்றாள் மார்கிறட். “முந்த ஏலாது.”

ஜொய்சனின் சிரிப்பு நின்றது. அவள் அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தாள்.

மதுரன் மூலையில் தனியாக இருந்தான். “தம்பி, இந்த மெஷினிட்ட இப்ப எத்தினை மணி எண்டு கேளுங்க.”

அவன் ஒரு சொல்லை அடித்தான். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. மார்கிறட் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். சுவரில் பன்னிரண்டு. திரையில் பதினொன்றரை.

மதுரனும் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். அவன் கை மணிக்கூடு இப்போது சுவரோடு ஒத்துத்தான் ஓடியது. அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. விரல்கள் மட்டும் மெதுவாக விசைப்பலகைக்குப் போயின.

“மாத்தாதீங்க,” என்றாள் மார்கிறட். “அது தனுஷாட உயிர்.”

“மாத்தாட்டி என்ட உயிர், மிஸ்.”

அவன் விசைப்பலகையில் இருந்து கையை எடுத்தான்.

“முதல் நாள் கை மணிக்கூட்டைத் திருப்ப மறந்திட்டன்,” என்றான். “வீட்டில காயவச்ச மெஷினைச் சைக்கிள்ல கட்டிக்கொண்டு வாறதில கவனம். அடுத்த நாள்ல இருந்து பாலத்திலயே திருப்புவன். இதைப் பார்க்க நினைக்கேல்ல. இதில மணிக்கூடு தெரியாதே.” பிறகு சொன்னான், “அம்மா அங்கதான். அவவை விட்டிட்டு இஞ்ச வந்து இருக்க ஏலா. அங்க இருக்கிறன் எண்டு சொன்னா இஞ்ச வேலை செய்ய விடமாட்டாங்க.” வேலை என்று மட்டும் அவன் சொன்னான். இந்தக் கரையில் அந்தக் கரை ஆள் என்று ஒருவனைக் காட்டினால் அவனுக்கு என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

“மெஷின் அரை மணி பிந்தி எண்டு நான் சொல்ல வேணும். ஏன் பிந்தினது எண்டு சொல்ல மாட்டன்.”

“ஏனெண்டு சொல்லாட்டி ஆர் நம்புவாங்க?”

மார்கிறட் கச்சான் கடதாசியை மடித்து எடுத்துக்கொண்டாள். திரும்பிப் போகும் வழியில் ஜொய்சன் ஓட்டோக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

“அக்கா, அரை மணியெண்டா... அவன் அந்தக் கரை.”

“உன்ட மனிசிக்கும் சொல்லாத.”

“அவளுக்குச் சொன்னா ரேடியோவுக்குச் சொன்ன மாதிரி,” என்றான் ஜொய்சன்.

மறுநாள் காலை, கொழும்பில் இருந்து வந்த மேலதிகாரி கூட்ட மேசையின் தலைப்பக்கம் இருந்தார். கொழும்புத் தமிழ்ப் பெண்மணி, நேராகப் பேசுகிறவர். ஒரு பக்கம் அருமைநாயகம். எதிரே தனுஷா. பாவா வாசலில். மதுரன் சுவரோரம் நின்றான். ஜொய்சன் பாவாவுக்குப் பின்னால், அழைக்காமலே வந்து நின்றான்.

மார்கிறட் கச்சான் கடதாசியை மேசையில் வைத்தாள்.

“இந்த மெயிலை உங்கட ஒபிசில ஒன்பது மணிக்கு எழுதியிருக்கு. இந்த மெஷின் எட்டு ஐம்பதுக்கு எடுத்ததாப் பதிஞ்சிருக்கு. எழுத முன்னம் மெயில் வராது. அப்ப மெஷின்ட நேரம் பிழை. நேற்றுச் சுவர் மணிக்கூட்டோட வச்சுப் பார்த்தன். அரை மணி பிந்தி ஓடுது. வேணுமெண்டா இப்பவும் போய்ப் பாருங்க.”

மேலதிகாரி எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “சரி. அரை மணி. அதனால்?”

“அந்த மெயில் ஐந்து பத்துக்குப் போகேல்ல. ஐந்து நாற்பதுக்கு. தனுஷா ஐந்தே காலுக்கு வெளிக்கிட்டு, ஐந்து இருபது பஸ்ஸில போயிட்டா. ஐந்து நாற்பதுக்கு அவ இஞ்ச இல்ல.”

“யார் இருந்தது?”

“பாவா கஞ்சி எடுக்கப் போன நேரம் அது. கூட்டம் முடிஞ்சு வாகனம் விட வந்த ஒருத்தர், கேற்றைத் தான் பார்க்கிறன் எண்டு அவரை அனுப்பினவர். ஒபிசில அவர் மட்டும்தான். பாஸ்வேர்ட் எல்லாருக்கும் ஒண்டு. ஐந்து பத்துக்கு நடந்ததெண்டா அவர் கச்சேரியில. அதால ஒருத்தரும் அவரைக் கேக்கேல்ல. வாகனம் விட வந்ததை அவரே மறைக்காமச் சொன்னவர்.”

பாவா தலையைக் குனிந்துகொண்டார். தனுஷா அருமைநாயகத்தைப் பார்த்தாள். கோபமாகக் கூடப் பார்க்கவில்லை.

“அவர் கெட்டவர் எண்டு நான் சொல்லேல்ல,” என்று மார்கிறட் அதே குரலில் தொடர்ந்தாள். “ஆரோ வந்து, அந்தப் பக்கம் வேலை செய்யாத எண்டு அவருக்குச் சொல்லியிருக்கு. அவருக்குச் சாப்பாடு இறங்கேல்ல. தன்ட பேரில நிப்பாட்டச் சொன்னா, ஏன் எண்டு நீங்க கேப்பீங்க. ஒரு எழுதுவினைஞர் எழுதினா நிப்பாட்டிட்டு விட்டுருவீங்க எண்டு நினைச்சிருப்பார். அந்தப் பேரைத் தேடி ஆள் வரும் எண்டு நினைச்சிருக்க மாட்டார்.”

அருமைநாயகம் தொண்டையைச் செருமினார். “மெஷின் பிந்தி ஓடுறதெண்டு சொல்றீங்க. எப்ப இருந்து? அண்டைக்குச் சரியா ஓடி, நேற்றுத்தான் பிந்தியிருந்தா?”

“கடல் தண்ணி பட்ட பெட்டி சேர்.” மார்கிறட் தன் கையை மேசைமேல் வைத்தாள். நின்றுபோன மணிக்கூடு அதில் இருந்தது. “தண்ணி பட்டா மணிக்கூடு இப்பிடித்தான்.”

“இல்லையே.” அவர் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தார். “தண்ணி பட்டதெண்டா நிக்கும். இல்லாட்டி நாளுக்கு நாள் பிந்திப் பிந்திப் போகும். கடதாசி எப்பவோ உள்ளது. அண்டைக்கும் பிந்தி, இண்டைக்கும் சரியா அரை மணி. ஏன் அரை மணி?”

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி தன் காதிலேயே விழுந்தவர் போல நிறுத்திக்கொண்டார்.

அறையில் இருந்த மட்டக்களப்புக்காரர் எல்லோருக்கும் அந்த அரை மணி தெரியும். பாவா தரையைப் பார்த்தார். ஜொய்சன் கதவு நிலையைப் பார்த்தான். மதுரனின் வலது கை இடது கை மணிக்கூட்டை மூடிக்கொண்டது. அருமைநாயகம் அந்தக் கையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

மேலதிகாரிக்கு மட்டும் விளங்கவில்லை. “நல்ல கேள்விதானே. ஏன் அரை மணி?”

“அதை நான் சொல்ல மாட்டன்,” என்றாள் மார்கிறட். “சேருக்குத் தெரியும். அவர் சொல்லட்டும்.”

“சொல்லுங்க மிஸ்டர் அருமைநாயகம்.”

அவர் வாயைத் திறந்தார். ஒரு வசனம் போதும். பொருத்தியவன் அந்தக் கரை ஆள், அவன் மெஷினை நம்பேலாது, அவனே எழுதியிருப்பான் என்று சொன்னால், விசாரணை சுவரோரம் நின்றவன் பக்கம் திரும்பிவிடும். பின்னேரத்துக்குள் அந்தச் செய்தி ஹெல்மட் கழற்றாத ஆட்களுக்கும் போய்ச் சேரும். மதுரன் ஓடப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவன் போல நின்றான்.

அருமைநாயகம் வாயை மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையில் இருந்து அலுவலக வாகனத்தின் சாவியை எடுத்து, கச்சான் கடதாசிக்கு மேல், அது பறக்காதபடி வைத்தார்.

“அப்போ நீங்கதான் எழுதினீங்களா?” என்று மேலதிகாரி கேட்டார்.

அவர் எழுந்து கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டார். தனுஷாவைக் கடந்து, மதுரனைக் கடந்து, வாசலுக்குப் போனார். பாவா முன்னே ஓடிக் கேற்றைத் திறந்துவிட்டார். குடை கதவோரம் சாய்ந்தபடி நின்றது. அருமைநாயகம் அதை எடுக்கவில்லை. மழைக்குள் இறங்கி, வாவிப் பக்கமாக நடந்து போனார்.